"அம்மா... வயிறு வலிக்குது!" எந்த வலிக்குக் காத்திருக்கலாம், எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும்?

இரவு பத்தரை மணி. ஒன்பது வயதுப் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறான். எங்கே என்று கேட்டால், தொப்புளைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறான். ஸ்கூல் வாசலில் என்ன வாங்கித் தின்றான் என்று விசாரணை நடக்கிறது.

"சூட்டு வலியா இருக்கும்மா. தொப்புள்ல கொஞ்சம் விளக்கெண்ணெய் வெச்சுவிடு, காலைல சரியாயிடும்" என்கிறார் பாட்டி. ஓமத் தண்ணீரும் கொடுத்தாயிற்று. ராத்திரி ஒரு முறை வாந்தி. காலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது. இட்லியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வலி இப்போது தொப்புளில் இல்லை. வலது பக்கம், அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது.

"அதான் வாந்தி எடுத்துட்டானே, இனிமே சரியாயிடும்" என்கிறார் அப்பா. "எதுக்கும் தொக்கம் எடுத்துப் பார்த்துடலாமா அத்தை?" என்கிறார் அம்மா. சாயங்காலம் அதுவும் நடக்கிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பையன், "வலி குறைஞ்சிடுச்சும்மா" என்கிறான். வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. மதியத்துக்குள் வயிறு பலகை மாதிரி இறுகி, காய்ச்சல் 103 டிகிரியைத் தொடுகிறது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால், குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது.

ஊரும் வயதும் மாறலாம். ஆனால், அப்பெண்டிக்ஸ் முற்றிப்போய் வரும் குழந்தைகளின் வீட்டில் நடந்ததைக் கேட்டால், வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதில் யாருக்கும் அக்கறைக் குறைவு இல்லை. எந்த அறிகுறியைப் பார்த்து எழுந்து ஓட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

அதற்காக ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் பயந்து ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வரும் வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். மிச்சமிருக்கும் சிலவற்றை அடையாளம் காண்பதுதான் பெற்றோரின் வேலை.

சாதாரண வலி எப்படி இருக்கும்?

குழந்தைகளின் வயிற்றுவலிக்கு முதல் காரணம் மலச்சிக்கல். காலையில் ஸ்கூல் வேனுக்கு ஓடும் அவசரத்தில் டாய்லெட் போவதில்லை. பள்ளிக் கழிப்பறை பிடிக்கவில்லை என்று நாள் முழுக்க அடக்கிக்கொள்வார்கள். கூடவே தண்ணீர் குறைவு, காய்கறி குறைவு, அளவுக்கு மீறிய பால், பாக்கெட் நொறுக்குத்தீனி. குடலில் தேங்கிய மலம் இறுகி, விட்டுவிட்டு வலிக்கும். தினமும் மலம் கழிக்கும் குழந்தைக்குக்கூட, முழுதாக வெளியேறாமல் மலச்சிக்கல் இருக்கலாம். சில குழந்தைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் கறை படும். 'வயிற்றுப்போக்கு' என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் சிக்கல் இன்னும் கூடும்.

அடுத்தது, வைரஸ் கிருமியால் வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு. இதில் வலி சுருட்டிப் பிடிக்கும், மலம் போனதும் சற்று அடங்கும். இரண்டு, மூன்று நாள்களில் குறைந்துவிடும். இங்கே உண்மையான ஆபத்து உடலிலிருந்து நீர் வற்றிப்போவதுதான்.

வாயுத் தொல்லை, அதிகமாகச் சாப்பிட்டது, பால் ஒத்துக்கொள்ளாதது, குடற்புழு ஆகியவையும் பட்டியலில் உண்டு. குடற்புழுவுக்காக 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. 'நம்ம பிள்ளைக்குப் பூச்சியெல்லாம் இருக்காது' என்று அதைத் தவிர்க்க வேண்டாம்.

இந்தச் சாதாரண வலிகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. வந்து வந்து போகும். வலி இல்லாத நேரத்தில் குழந்தை வழக்கம்போல விளையாடும், கார்ட்டூன் பார்க்கும், பிடித்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும்.

முதல் ஐந்து நிமிடம்... மருந்து வேண்டாம், கவனியுங்கள்!

வயிறு வலிக்கிறது என்று குழந்தை சொன்னதும், கை மருந்து டப்பாவைத் தேடும். அதற்கு முன்பு ஐந்து நிமிடம் குழந்தையைப் பாருங்கள்.

ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கை முழுக்க வைத்துத் தொப்புளைச் சுற்றிக் காட்டினால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு விரலால், தொப்புளிலிருந்து தள்ளி ஓரிடத்தைத் திட்டவட்டமாகக் காட்டினால் கவனம் தேவை.

படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சுருட்டிப் பிடிக்கும் வலியில் குழந்தை புரளும், நெளியும். வயிற்றுக்குள் அழற்சி பரவியிருந்தால் அசையவே பயந்து, காலை மடக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே, உங்கள் உள்ளங்கையைச் சூடாக்கி வயிற்றில் மெதுவாக வையுங்கள். மெத்தென்று இருக்கிறதா, இறுகி விறைப்பாக இருக்கிறதா? தொடும்போது முகம் சுருங்குகிறதா? குழந்தையின் வாயைவிட முகம் உண்மையைச் சொல்லும்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால், எழுந்து நின்று ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே குதித்துவிட்டால் பாதி பயம் போனது. குதிக்க மறுத்தாலோ, குதித்ததும் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாலோ, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது குழந்தை துடித்தாலும் இதே அர்த்தம்தான்.

குடல்வால்: நேரத்தோடு நடக்கும் ஓட்டம்

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சுண்டுவிரல் பருமனில் தொங்கும் சிறு குழாய்தான் குடல்வால். இறுகிய மலத் துணுக்கோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ அதன் வாயை அடைத்துக்கொண்டால், உள்ளே கிருமிகள் பெருகி அது வீங்கும். பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இது அதிகம் வரும். ஐந்து வயதுக்குக் கீழே குறைவு. ஆனால், அந்த வயதில் குழந்தையால் சரியாகச் சொல்ல முடியாததால், கண்டுபிடிப்பதற்குள் வெடித்துவிடுவது அதிகம்.

முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. பசி அடியோடு போகும். பிறகு வாந்தி. லேசான காய்ச்சல். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இடம்பெயர்ந்து அங்கேயே நிலைக்கும். வலி முதலில், வாந்தி பிறகு என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். சாதாரண வயிற்றுப்போக்கு நோயில் பெரும்பாலும் வாந்தியே முந்திக்கொள்ளும். எல்லாக் குழந்தைகளுக்கும் பாடப்புத்தகம் மாதிரி இப்படியே நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வலி தொடங்கி ஓரிரு நாள்களில் குடல்வால் வெடிக்கலாம். வெடித்ததும், வீங்கி நின்ற அழுத்தம் இறங்குவதால் வலி சட்டென்று குறையும். ஏமாந்துபோகும் இடம் இதுதான். சில மணி நேரத்தில் வயிறு முழுக்க வலியும் கடுங்காய்ச்சலும் வரும். வெடிக்கும் முன் வந்தால் சிறு துளை அறுவை சிகிச்சையில் ஓரிரு நாள்களில் வீட்டுக்குப் போய்விடலாம். வெடித்த பிறகு வந்தால் சீழை எடுத்து, நாள்கணக்கில் ஊசி மருந்து போட வேண்டியிருக்கும்.

வரலாற்றில் பதிவான முதல் வெற்றிகரமான குடல்வால் அகற்றமே ஒரு சிறுவனுக்கு நடந்ததுதான். 1735-ல் லண்டனில், குடலிறக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட 11 வயதுச் சிறுவனை கிளாடியஸ் அமியண்ட் என்ற அறுவை மருத்துவர் திறந்து பார்த்தார். இறங்கியிருந்த குடலோடு குடல்வாலும் வந்திருந்தது. சிறுவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் அதை அகற்றினார், சிறுவன் பிழைத்தான். இன்றைக்கு இவ்வளவு வசதி இருந்தும் ஒரு குழந்தை சிக்கலுக்கு ஆளாகிறது என்றால், பெரும்பாலும் தாமதம்தான் காரணம்.

பேசத் தெரியாத பிஞ்சுகளுக்கு...

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அழுகைதான் மொழி. பசி, தூக்கம், நனைந்த துணி என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அழுகை நிற்கவில்லை என்றால், மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குடல் செருகல். சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தால் துணிக்குள் துணி போகுமல்லவா? அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை வரலாம். ஒரு வயதுக்குள் அதிகம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். கால் மணி, இருபது நிமிடத்தில் மறுபடியும் அதே அழுகை. நேரம் ஆக ஆக, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுபோகும். சளியும் ரத்தமும் கலந்து சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். சீக்கிரம் வந்தால், ஆசனவாய் வழியாகக் காற்றையோ சலைனையோ செலுத்தி, கத்தி படாமலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது, பச்சை நிற வாந்தி. பால் கக்குவது சாதாரணம். கீரைச் சாறு மாதிரிப் பச்சையாகப் பித்தம் கலந்து வந்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு இப்படி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, குடலிறக்கம். அழும் குழந்தையின் டயப்பரைக் கழற்றி, தொடை இடுக்கையும் விதைப்பையையும் பாருங்கள். கெட்டியான வீக்கம், தொட்டால் வீறிட்டு அழுகிறது, வீக்கம் உள்ளே போகவில்லை என்றால் குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தித் தள்ள முயலாமல் கிளம்புங்கள்.

'உரம் விழுந்திருக்கு' என்று துணியில் போட்டு உருட்டுவது, தொண்டைக்குள் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது போன்றவற்றை இந்த வயதில் செய்யவே கூடாது. தொண்டையில் புண்ணாகும், மூச்சுக்குழாயில் பால் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்காகச் செலவிடும் அரை நாள்தான் குழந்தைக்கு இழப்பு.

வளர்ந்த பிள்ளைகள் சொல்லக் கூச்சப்படும் வலிகள்

பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையன் "அடிவயிறு வலிக்குது" என்பான். உண்மையில் வலிப்பது விதையாக இருக்கும். விதைக்குப் போகும் ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டால் திடீரென்று கடுமையான வலியும் வாந்தியும் வரும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். "கீழேயும் வலிக்குதாப்பா? கூச்சப்படாமச் சொல்லு" என்று அப்பாவோ அம்மாவோ கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி, வாழ்நாள் இழப்பைத் தடுக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி எல்லோரும் அறிந்தது. ஆனால், ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்காக இருக்கலாம். வயதுக்கு வர வேண்டிய பருவத்தில் இன்னும் மாதவிடாய் வராமல், மாதாமாதம் மட்டும் அடிவயிறு வலிக்கிறது என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய்ப் பாதையில் பிறவியிலேயே அடைப்பு இருக்கலாம்.

வலி வயிற்றில்... நோய் வேறிடத்தில்!

குழந்தைகளின் உடம்பு செய்யும் விசித்திரம் இது. நோய் எங்கோ இருக்கும், குழந்தை வயிற்றைக் காட்டும்.

நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா இருந்தால் வயிறு வலிக்கும். காய்ச்சல், இருமல், வேகமான மூச்சு கூடவே இருக்கும். தொண்டையில் கிருமித்தொற்று இருந்தாலும் வயிறு வலிக்கலாம். சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வரும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திய குழந்தை மறுபடியும் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுமஞ்சளாகப் போய், வலது மேல்வயிறு வலித்தால் மஞ்சள்காமாலை. கால்களிலும் பின்புறத்திலும் ஊதா நிறப் புள்ளிகள், மூட்டு வலி, கூடவே வயிற்றுவலி என்றால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; உடனே காட்ட வேண்டும்.

இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சர்க்கரை நோய். முதல் வகை நீரிழிவு குழந்தைகளுக்கும் வரும். சில வாரங்களாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, சாப்பிட்டும் இளைக்கிறது. பிறகு ஒருநாள் வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு. பழம் அழுகியது போன்ற வாசனை மூச்சில் வரும். இது உயிருக்கே ஆபத்தான நிலை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மற்றொன்று, டெங்கு. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் கடுமையான வயிற்றுவலி, டெங்குவின் அபாய அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல் விட்டதும் 'சரியாகிவிட்டது' என்று நினைப்போம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் டெங்கு திரும்பித் தாக்கும். அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். டெங்கு காலத்தில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

என்ன விழுங்கியது? எங்கே விழுந்தது?

ரிமோட், பொம்மை, கைக்கடிகாரத்தில் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடத்தைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். 'வெளியே வந்துடும், வாழைப்பழம் கொடு' என்பது இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

எலி பேஸ்ட் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வாயில் வைத்த குழந்தைக்கு முதல் நாள் வயிற்றுவலி, வாந்தி வரும். பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். தொட்டது தெரிந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் பேஸ்ட் டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால், வெளியே சிராய்ப்புக்கூட இருக்காது. உள்ளே மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். அடிபட்ட பிறகு வரும் வயிற்றுவலியை ஒருபோதும் தைலம் தடவிக் கடத்தாதீர்கள்.

திங்கட்கிழமை காலை வயிற்றுவலி

சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் வலி வந்து போகும். எல்லாப் பரிசோதனையும் நார்மல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்ளே என்ற குழந்தைகள் நல மருத்துவர் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, 1958-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி அடிக்கடி வலி வந்ததைக் கண்டார். இப்படி வலி வந்தவர்களில் மிகச் சிலருக்கே உடலில் நோய் இருந்தது. வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அவரது கணிப்பை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

நோய் இல்லை என்றால் நடிப்பு என்று அர்த்தமில்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பயம் வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. குழந்தைக்கு அது வலியாகத் தெரிகிறது. வலி உண்மையான வலிதான். ஸ்கூல் நாளில் மட்டும் வருகிறதா, விடுமுறையில் காணாமல் போகிறதா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். டீச்சரிடம் பயமா, வேனில் யாராவது சீண்டுகிறார்களா, வீட்டில் நடக்கும் சண்டையா என்று மெதுவாகப் பேசுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ நினைத்தாலே வலி வருகிறது என்றால், அந்தக் குழந்தை சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல முயலலாம். திட்டாமல் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அடிக்கடி வரும் வலியோடு எடை குறைவது, உயரம் கூடாமல் நிற்பது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல் இவற்றில் எது சேர்ந்தாலும் அது மனம் சம்பந்தப்பட்டது என்று ஒதுக்காமல் பரிசோதிக்க வேண்டும்.

பாட்டி வைத்தியத்தில் எது சரி, எது ஆபத்து?

பெரிய குழந்தைக்கு லேசான வாயு வலி என்றால் கொஞ்சம் ஓமத் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ கொடுப்பதில் தவறில்லை. தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பத்துப் போடுவதாலும் கெடுதல் இல்லை. அவற்றைக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் மறந்துவிடுவதுதான் தவறு. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். வசம்பு, கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

வலிக்குக் காரணம் தெரியாதபோது பேதி மருந்தும் எனிமாவும் கொடுக்கக் கூடாது. வீங்கிய குடல்வால் வெடிக்க அது வழிசெய்யலாம். வலது அடிவயிற்று வலிக்கு வெந்நீர்ப் பை வேண்டாம். டைசைக்ளோமின் கலந்த வலி சொட்டு மருந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள். வலியோ காய்ச்சலோ தாங்க முடியவில்லை என்றால், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் ஒரு வேளை கொடுக்கலாம். 'வலி மருந்து கொடுத்தால் டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது' என்ற பயம் வேண்டாம். எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொன்னால் போதும்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் உயிர்காக்கும் மருந்து. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு டம்ளரில் கொடுக்காமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள். பழச்சுவையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை

• வலி வலது அடிவயிற்றில் நிலைப்பது, அல்லது நேரம் ஆக ஆகக் கூடுவது
• நடக்க, நிமிர, குதிக்க முடியாமை, அசையாமல் படுத்திருப்பது
• வயிறு இறுகுவது, உப்புவது, தொட விடாமல் அழுவது
• பச்சை நிற வாந்தி, ரத்த வாந்தி, காபித்தூள் நிற வாந்தி
• மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பாகத் தார் போன்ற மலம்
• வாந்தியோடு வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமை
• ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, உதடு உலர்வது, கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராமை
• எழுப்பினாலும் சரியாக விழிக்காத சோர்வு, கை கால் சில்லிடுதல்
• வேகமான மூச்சு
• விதை வலி, தொடை இடுக்கில் உள்ளே போகாத வீக்கம்
• அடிபட்ட பின், அல்லது எதையாவது விழுங்கிய பின் வரும் வலி
• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்

இவை எதுவும் இல்லாமல், லேசான வலி மட்டும் விட்டுவிட்டு 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அடுத்த நாள் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் காத்திருப்பும் வேண்டாம்.

கிளம்பும் முன் போனில் குறித்துக்கொள்ளுங்கள்

வலி எத்தனை மணிக்கு, எங்கே தொடங்கியது? இப்போது எங்கே இருக்கிறது? வாந்தி எத்தனை முறை, என்ன நிறம்? கடைசியாக மலமும் சிறுநீரும் எப்போது போனது? கடைசியாக என்ன சாப்பிட்டது? என்ன மருந்து கொடுத்தீர்கள்? வாந்தியையும் மலத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பு வேண்டாம், டாக்டருக்கு அது பெரிய தடயம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் போகும் வழியில் சாப்பாடோ பாலோ கொடுக்க வேண்டாம். வண்டி இல்லை என்றால் 108.

பார்த்துவிட்டு டாக்டர், "இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லலாம். தொடக்க நேரத்தில் அப்பெண்டிக்ஸ் யாருக்குமே பிடிபடாமல் போவதுண்டு. எனவே, "என்ன மாற்றம் தெரிந்தால் திரும்பி வர வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆறு மணி நேரத்தில் வலி கூடினால், அதே ராத்திரி மறுபடியும் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த ஒன்பது வயதுப் பையனின் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். விளக்கெண்ணெய் வைத்ததில் தவறில்லை. ராத்திரி காத்திருந்ததிலும் பெரிய தவறில்லை. காலையில் வலி இடம் மாறியதே, அதுதான் கிளம்பியிருக்க வேண்டிய நேரம். "இப்போ எங்கப்பா வலிக்குது? ஒரு விரலால காட்டு" என்று அம்மாவோ அப்பாவோ பாட்டியோ யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அவன் சரியான இடத்தைக் காட்டியிருப்பான்.